இரண்டு கரகங்கள்

பங்குனித் திங்கள் பிறந்துவிட்டால் தமிழகத்துச் சிற்றூர்களில் மாரியம்மன் கோயிலுக்கு முன்னே பந்தற்கால் நடுவார்கள். மஞ்சள் தோய்ந்த காப்பு நாண் பூசாரியின் கையில் ஏறும். காப்புக் கட்டிய பின்னர் விழா முடியும்வரை ஊரார் வெளியூர் சென்று இரவு தங்கலாகாது என்பது பல ஊர்களில் இன்றும் வழங்கும் கட்டுப்பாடு. இத்துணைக் கட்டுப்பாடுகளுக்கும் நடுவே ஒரு சிறிய குடம் இருக்கிறது. அக்குடத்தைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு ஒருவர் வருவார். அவருக்கு முன்னே பம்பையும் உடுக்கையும் முழங்கும். அக்குடத்திற்குத்தான் கரகம் என்று பெயர்.

கரகம் என்றதும் இளைஞர்களாகிய உங்கள் நினைவுக்கு வருவது வேறொரு காட்சியாக இருக்கலாம். பளபளக்கும் உடை, காலிற் சலங்கை, தலையிலே பூவேலை செய்த கூம்பு, அதன் உச்சியில் ஆடும் ஒரு கிளி, பின்னே நையாண்டி மேளம் – இப்படிப்பட்ட ஆட்டத்தைக் கல்லூரி விழாக்களிலும் அரசு விழாக்களிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவும் கரகந்தான். முன்னதைச் சக்திக் கரகம் என்றும், பின்னதை ஆட்டக் கரகம் என்றும் மக்கள் பிரித்து வழங்குகின்றனர். ஒரே விழாவில், ஒரே இரவில், ஒரே தெருவில் இவ்விரண்டும் செல்வதுண்டு. இவை ஒன்றா, இரண்டா? ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா? பிறந்ததாயின், தாயின் துணையின்றிப் பிள்ளை வாழுமா? இன்று நாம் ஆராயப் புகுவது இவ்வினாக்களையே.

கரகாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தோடு தொடங்குவர்: ‘இது சிலப்பதிகாரக் காலத்துக் குடக்கூத்து, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது’ என்பார்கள். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும் பழமைமீதுள்ள பற்று வரலாற்று ஆராய்ச்சிக்குச் சில வேளைகளில் இடையூறாகிவிடுகிறது. ஆகவே சிலப்பதிகாரம் உண்மையில் யாது கூறுகின்றது என்று பார்ப்போம்.

புகார் நகரில் இந்திர விழா நடக்கிறது. அவ்விழாவைக் காண வந்த விஞ்சையன் ஒருவன், மாதவி ஆடிய பதினோராடல்களையும் தன் காதலிக்குக் காட்டுவதாகக் கடலாடு காதையில் இளங்கோவடிகள் பாடுகின்றார். அல்லியம், கொடுகொட்டி, குடை, பேடு, மரக்கால் என்று விரியும் அவ்வரிசையில் குடமும் ஒன்று. வாணாசுரன் தன் மகள் உழையின்பொருட்டு அநிருத்தனைச் சிறைப்படுத்தினான். அவனை மீட்கச் சென்ற கண்ணன் அவ்வசுரனது நகர வீதியில் ஆடியது குடக்கூத்து என்பது கதை. இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துங்கள். சமய விழாவொன்றில், பலர் காண, பயிற்சி மிக்க ஆடல்மகள் ஒருத்தி குடத்தைக் கொண்டு ஆடினாள் என்பது வரை ஐயமில்லை. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் குடக்கூத்தை வினோதக் கூத்துகளின் வரிசையில் வைக்கின்றார். கண்டு களிப்பதற்குரிய ஆடல் என்பது இதன் பொருள்.

ஆழ்வார்களும் இக்கூத்தை விரும்பிப் பாடியுள்ளனர். கண்ணன் குடங்களை மேலே ஏறவிட்டு ஆடினான் என்று பெரியாழ்வார் வருணிக்கின்றார். சீர்காழியை அடுத்த திருநாங்கூர்த் திருப்பதிகளுள் ஒன்றான அரிமேய விண்ணகரத்தில் இறைவனுக்கே குடமாடு கூத்தன் என்பது திருப்பெயர். பின்வந்த வைணவ உரையாசிரியர்கள் இக்கூத்தின் இலக்கணத்தையும் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கின்றனர். தலையிலே அடுக்குக் குடம், தோள்களிலே குடம், கைகளில் ஏந்திய குடங்களை வானில் எறிந்து பிடித்தல் என்பது அவர்கள் காட்டும் ஓவியம். செல்வம் மிகுந்த ஆயர்கள் அச்செருக்குத் தோன்ற ஆடுவது இது என்றும் விளக்குவர்.

இப்பொழுது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குடக்கூத்தில் குடம் கையினின்றும் எழுந்து வானில் பறக்கிறது. மீண்டும் கைக்கு வருகிறது. கரகாட்டத்திலோ குடம் தலையை விட்டு அசைவதில்லை. அதைக் கையால் தொடாமலிருப்பதே ஆடுவோரின் பெருமை. குடக்கூத்து ஆயர்களின் களிப்பு, கண்ணனோடு தொடர்புடையது. கரகமோ அம்மனின் நேர்த்திக்கடன். தலைமேற் குடம் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. அந்த ஒற்றுமையை மறுப்பதற்கில்லை. குடத்தைக் கொண்டு ஆடும் கலை இந்நாட்டில் மிகப் பழையது என்று சொல்லலாம். குடக்கூத்தே பெயர் மாறிக் கரகாட்டம் ஆயிற்று என்று சொல்வதற்கு இச்சான்றுகள் போதா என்பது என் கருத்து.

அப்படியானால் கரகம் எங்கிருந்து வந்தது? சொல்லைத் தொடர்ந்து செல்வோம். கரகம் என்னும் சொல் பழந்தமிழில் ஆட்டத்தைக் குறிக்கவில்லை, நீர்க்கலத்தைக் குறித்தது. தொல்காப்பிய மரபியல், அந்தணர்க்கு உரியனவாகக் கூறும் பொருள்களில் நூலோடும் முக்கோலோடும் கரகத்தையும் சேர்க்கின்றது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்துச் செய்யுள், தவக்கோலம் பூண்ட சிவபெருமானை நீர் வற்றாத கரகத்தை உடையவனாகக் காட்டுகின்றது. ஆகவே கரகம் என்ற சொல்லின் உட்பொருள் தூய நீர். சக்திக் கரகத்தின் உட்பொருளும் அதுவே!

ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கரகம் சோடிக்கும் சடங்கைக் கூர்ந்து நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். குடத்தைத் துலக்கி, நூல் சுற்றி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, நீர் நிரப்புவார்கள். வாயில் வேப்பிலைக் கொத்தும் தேங்காயும் வைப்பார்கள். பூச்சரங்களால் அதைக் கோபுரம்போல் உயர்த்துவார்கள். பின்னர் உடுக்கை அடித்து அம்மனை அழைப்பார்கள். அம்மன் அந்நீரில் வந்து இறங்குகிறாள் என்பது நம்பிக்கை. அந்நேரம் முதல் அது குடமன்று, தெய்வம். அதனைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அழைத்துச் செல்லும் வழிதான் ஊர்வலம்.

மாரியம்மனுக்கும் நீர்க்குடத்துக்கும் உள்ள தொடர்பை மக்கள் ஒரு கதையாகவே சொல்லி வைத்திருக்கின்றனர். சமதக்கினி முனிவரின் மனைவி இரேணுகை நாள்தோறும் ஆற்றுக்குச் சென்று, சுடாத மணலையே குடமாகத் திரட்டி, அதில் நீர் கொண்டுவருவாள். அவளது கற்பின் திண்மையே அக்குடத்தைக் கரையாமற் காத்தது. ஒருநாள் வானிற் சென்ற கந்தருவனின் நிழலை நீரிற் கண்டு அவள் மனம் ஒரு கணம் வியந்தது, குடம் கரைந்தது. முனிவர் சினந்தார், மகன் பரசுராமன் தந்தை சொற்கேட்டுத் தாயின் தலையை வெட்டினான், பின்னர் வரம் பெற்று அவளை எழுப்பும்போது தலை வேறோர் உடலிற் பொருந்திவிட்டது. குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் வைகாசி முதல் நாளன்று அம்மனின் சிரசை ஊர்வலமாக எடுத்துச் சென்று உடலிற் பொருத்தும் விழா இக்கதையின் நினைவே. கரைந்துபோன குடத்தை ஊரார் ஆண்டுதோறும் கரையாமல் தாங்கிச் செல்வதாகக் கரக ஊர்வலத்தைக் கருதினால் பிழையாகாது. இரேணுகைக்கு நேர்ந்தது கொடுமை என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அக்காலத்து மக்களுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். இல்லையேல் வெட்டிய முனிவரை விட்டுவிட்டு வெட்டுண்ட பெண்ணுக்கு ஊர்தோறும் கோயில் எழுப்பியிருப்பார்களா?

கதைக்குப் பின்னே ஒரு கடுமையான மெய்ந்நிகழ்ச்சியும் இருக்கிறது. பெரியம்மை என்னும் நோய் மழையற்ற வேனிற் காலத்திலேதான் மிகுதியாகப் பரவியது. வங்க மொழியில் அந்நோய்க்கே ‘வசந்தம்’ என்று பெயரிட்டார்கள் என்றால் பாருங்கள்! மாசி முதல் ஆடி வரை மாரியம்மன் விழாக்கள் செறிந்திருப்பது தற்செயலன்று. வெப்பம், அம்மை, மழையின்மை ஆகிய மூன்றையும் ஒரே தாயின் சினமாகக் கண்ட மக்கள், அவளைக் குளிர்விக்க நீரும் வேப்பிலையும் கூழும் கொண்டுவந்தார்கள். அம்மை குத்தும் முறை 1802-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. ஆயினும் அந்நோய் அறவே ஒழிய மேலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்தியா 1977-இல் பெரியம்மை நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பெற்றது. 1980-இல் உலகமே அதனின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு நீண்ட காலம் ஒவ்வொரு வேனிலிலும் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர்களில், தெருவழியே வந்த அந்த நீர்க்குடத்தை மக்கள் எத்தகைய கண்களால் பார்த்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நடை எங்ஙனம் ஆட்டமாயிற்று? தலையில் நீர் தளும்பும் குடம்; முன்னே பம்பை முழக்கம்; வீட்டுக்கு வீடு நின்று பூசை ஏற்றல்; காலில் மஞ்சள் நீர் ஊற்றல். கரகம் எடுப்பவர் விரதத்தால் உடல் மெலிந்து, அருள் வந்த நிலையில் இருப்பார். தாளத்திற்கேற்ப அவர் கால்கள் பெயரும். நின்ற இடத்தில் அசைவார், திரும்புவார், முன்னும் பின்னும் செல்வார். ஆயினும் அவர் ஆட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. குடத்தில் இருப்பது நீர். நீர் உடலோடு சேர்ந்து அசையாது. சற்றுப் பிந்தி அசையும். வேகமாகச் சுழன்றால் குடம் தள்ளும். ஆதலால் சக்திக் கரகத்தின் அடவுகள் நிதானமானவை. கரகம் கீழே விழுந்தால் ஊருக்கு ஆகாது என்ற அச்சமும் அவரது காலைக் கட்டுகிறது.

ஆட்டக் கரகத்தில் நீர் இல்லை! அரிசியையோ மணலையோ இறுக நிரப்புகின்றனர். இந்த ஒரு மாற்றத்தால் ஆடுவோருக்குக் கிடைத்த உரிமை பெரிது. உள்ளே தளும்பல் இல்லை. பாரம் ஒரே இடத்தில் நிற்கிறது. குடத்தின்மேல் உயரமான கூம்பு வைப்பதும் வெறும் அழகுக்காக அன்று. விரல் நுனியில் எழுதுகோலை நிறுத்துவதைவிட நீண்ட கழியை நிறுத்துவது எளிது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உயரமான பொருள் மெல்லச் சாயும். சாய்வதற்குள் அதன் அடியை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். கரகம் ஆடுவோரின் கழுத்து இவ்வேலையை இமைப்பொழுதில் செய்கிறது. உச்சியிலுள்ள கிளி ஊசலாடிச் சுழல்வதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம்.

இவ்வுரிமை கிடைத்ததும் கலைஞர்கள் என்னென்ன செய்யத் தொடங்கினர்! ஏணியில் ஏறினர், பின்புறமாக வளைந்து தரையிலுள்ள ஊசியைக் கண்ணிமையால் எடுத்தனர், உருளும் கட்டையின்மேல் பலகையிட்டு அதன்மேல் நின்றாடினர். கண்ணைக் கட்டிக்கொண்டு வாழைக்காயைத் துணித்தனர். இவ்வளவுக்கும் குடம் அசையாது. நேர்த்திக்கடனாக இருந்தது தொழிலாயிற்று; அருள் என்றிருந்த இடத்தைப் பயிற்சி பற்றிக்கொண்டது. ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடியதும் உண்டு. பெண்களே ஆடுவது பின்னர்ப் பெருகியது.

நையாண்டி மேளத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. பெரும்பாலும் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம் என்று அமைவது இம்மேளம். கோயில் மண்டபத்துப் பெரிய மேளத்துக்குள்ள அடக்கம் இதற்கு இல்லை; அதை இது விரும்புவதும் இல்லை. தவிற்காரர் ஆடுவோரின் காலைப் பார்த்து அடிப்பார். ஆடுவோர் ஒரு புதிய அடி வைத்தால் அதைத் தவிலில் திருப்பிச் சொல்வார். ஆடுவோர் தவற வேண்டுமென்றே ஒரு கடினமான தீர்மானத்தையும் வைப்பார். ஊரார் அப்போது அமர்ந்திருந்த இடத்திலேயே எழுந்துவிடுவர். இசையும் ஆட்டமும் வினாவும் விடையுமாக விடியும்வரை நடக்கும் இப்போட்டியே கரகாட்டத்தின் உயிர் என்பேன். ஒலிப்பதிவு செய்த மேளத்துக்கு மேடையில் ஐந்து நிமிடம் ஆடும்போது, ஆடுவோர் இருக்கிறார். அவரை மடக்க ஒருவர் இல்லை.

இரு கரகங்களும் பிரிந்து வாழ முடியுமா என்ற வினாவுக்கு வருவோம். சக்திக் கரகம் தனியே வாழும் என்பதற்குப் பெங்களூர் நல்ல சான்று. அங்குள்ள தருமராய சுவாமி கோயிலில் சித்திரை முழுமதி நாளில் நடைபெறும் கரக விழா புகழ்பெற்றது. திகளர் குலத்தைச் சேர்ந்த பூசாரி பெண்கோலம் பூண்டு, மல்லிகைச் சரங்கள் சூழ்ந்த கரகத்தைத் தலையில் தாங்கிப் புறப்படுவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவர். அங்கே கரகமாக எழுந்தருள்பவள் திரௌபதி. வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் அக்கரகம் நின்று செல்லும். அவ்விழாவில் ஏணியும் இல்லை, ஊசியும் இல்லை. குடம் விழாமல் கோயிலுக்குத் திரும்பவேண்டும்; அவ்வளவே.

கடல் கடந்த நாடுகள் இதைவிடத் தெளிவான சான்று தருகின்றன. 1834 முதல் மொரீசியசுக்கும், பின்னர்ப் பிற தீவுகளுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் சென்றனர். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அவர்கள் கையில் பொருள் இல்லை. நெஞ்சில் மாரியம்மன் இருந்தாள். தோட்டத்து ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கோயில் கண்டனர். கூழ் ஊற்றினர், கரகம் எடுத்தனர், தீ மிதித்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுள் பலர் தமிழ் பேச மறந்தும் கரகம் என்ற சொல்லை மறக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்த கரகாட்டக் குழுவும் நையாண்டி மேளமும் அம்மண்ணில் அவ்வாறு வேரூன்றவில்லை. காரணம் வெளிப்படை. நீர்க்குடத்தை எடுக்க ஒரு குடமும் ஒரு நம்பிக்கையும் போதும். ஆட்டக் கரகத்திற்கோ நெடுநாள் பயிற்சி, கலையைக் கையளிக்கும் குடும்பம், மேளக்காரர், அடுத்தடுத்த ஊர்களில் அடுத்தடுத்த நாள்களில் விழா, அச்சாரம் கொடுத்துக் கூப்பிடும் ஊர்ப் பெரியதனக்காரர் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஆட்டம் நின்றுவிடும்.

அறுந்த காலம் ஒன்றை அண்மையிலே கண்டோம். 2020-இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நிறுத்தப்பட்டன. 2021-இலும் அவ்வாறே நேர்ந்தது. அம்மன் விழா கொள்ளைநோயை எதிர்கொள்ளவே பிறந்தது; அதனைக் கொள்ளைநோயே நிறுத்திவைத்தது! பூசாரிகள் கதவடைத்த கோயிலுக்குள்ளே சடங்கை ஒருவாறு முடித்தனர். ஆட்டக்காரர்களுக்கு அவ்வழியும் இல்லை. ஆண்டில் ஐந்தாறு திங்களே அவர்களுக்குத் தொழில். மற்றத் திங்களில் வயல்வேலையோ கூலிவேலையோ செய்வோர் மிகுதி. தொடர்ந்து இரு வேனில்கள் ஊதியமின்றிப் போனால் அக்குடும்பத்துப் பிள்ளை சலங்கை கட்டுமா, வேறு தொழிலுக்குப் போகுமா?

மற்றொரு இடர் நெடுங்காலமாக உள்ளது. 1989-இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ திரைப்படம் இக்கலையின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அதனால் ஊர்களில் திரைப்பாட்டுக்கு ஆடும் வழக்கம் மேலும் வலுத்தது. நள்ளிரவுக்குப் பின் இரட்டைப் பொருள் பேச்சும் கேலியும் ஆட்டத்தை விழுங்குவதாகக் குறை எழுந்தது, வழக்குகள் நீதிமன்றம் சென்றன, நிபந்தனைகள் வந்தன. கரகத்தோடு இடையிடையே ஆடப்பட்டுவந்த குறவன் குறத்தி ஆட்டம் ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துவதாக முறையிடப்பட்டு, 2023-இல் தமிழக அரசால் தடைசெய்யப்பெற்றது. அத்தடை நேர்மையானதே. ஆனால் ஆபாசத்துக்காக ஆட்டக்காரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க இயலாது. எதை ஆடவேண்டும் என்று கூச்சலிட்டவர் யார்? பணத்தைக் குத்திவிட்டவர் யார்? ஊசியைக் கண்ணால் எடுக்கக் கற்ற ஒருத்திக்கு வேறொன்றை ஆடினால்தான் கூலி என்ற நிலையை உண்டாக்கியது கூட்டமே. சக்திக் கரகம் எடுப்பவர் முன்னே அதே கூட்டம் மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு விழுந்து வணங்குகிறது. ஆட்டக் கரகத்தின் முன்னே சீழ்க்கை அடிக்கிறது.

விழாவின் கடைசி நாளன்று சக்திக் கரகத்தை மீண்டும் ஆற்றுக்குக் கொண்டுசெல்வர். பூக்களைக் களைந்து நீரை நீரிலே விடுவர். ஆட்டக்காரர்கள் அதற்கு முன்பே போயிருப்பார்கள். கூம்பைக் கழற்றித் துணியிற் சுற்றி, கிளியைத் தனியே பத்திரப்படுத்தி, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் அமர்ந்திருப்பார்கள். அன்றிரவே அடுத்த ஊரில் காப்பு.